லோகநாதன் இளைத்த படம்

பெண்டாட்டியை "வா" என்று கூப்பிடாமலே வரவழைப்பது என்று லோகநாதன் தீர்மானம் செய்தான். ஆம்பிளைத் தீர்மானம். பல் விளக்கும்போது தோன்றியது, வாய் கொப்பளிப்பதற்குள் உறுதியாகிவிட்டது.

புவனேஸ்வரி கோவித்துக்கொண்டு பழவேற்காட்டுக்கு, அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாசம் ஆகப்போகிறது. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். லோகநாதனுக்குக் கும்மிடிப்பூண்டியில் வீட்டிலிருந்தபடியே வேலை. கம்ப்யூட்டரில் மனுஷர்களைச் செய்வான். பொம்மை இல்லை, மனுஷர்கள். இது நிஜ போட்டோவா, செய்த படமா என்று பார்க்கிறவன் திணற வேண்டும், அதுதான் தொழில். சென்னைக் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்கு ஒரு பெரியவர் வேண்டும் என்பார்கள். பூமியில் பிறக்கவே பிறக்காத பெரியவர் ஒருத்தரை, காதுக்குள் வளர்ந்த முடி உட்படச் செய்து அனுப்பிவிடுவான் நம்ம ஆள்.

அன்றைக்கு ஒரு பெண்ணின் முகம் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கோரத்தில் ஒரு மயிர்க்கால் கொஞ்சம் தள்ளி விழுந்துவிட்டதாம். காலையிலிருந்து அதையே நோண்டிக்கொண்டிருந்தான். புவனேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, என் மூஞ்சில எதுனா மாறிக்கீதா?"

திரும்பிப் பார்த்தான். நன்றாகத்தான் பார்த்தான்.

"பவுடரு ஜாஸ்தியாக் கீது."

"மூக்குத்தி மாத்திக்கிறேன். செவப்புக் கல்லு. தெருவே பாத்துட்டுச்சு. பொறக்காதவ மூக்குல ஒரு பொட்டு ஓட்டை தள்ளிப் போனா உனுக்குத் தெரியுது. கட்டினவ மூக்குல கல்லு தெரியல."

"வேலை டென்ஷன்டி..."

"இன்னா டென்ஷன்? இனிமே நாஷ்டாவும் அவளையே கேட்டுக்கோ."

பையைத் தூக்கினாள், பஸ் ஏறினாள். ஆச்சு.

அவள் போன பிறகு வீடு வீடாக இல்லை. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட எழுந்து போய்த் தன் வீட்டு அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். யாரோ படியேறினால் செருப்புச் சத்தத்தை எண்ணினான். அவளோடு சண்டை போடவாவது அவள் இருக்க வேண்டுமே என்று ஏங்கினான். சத்தியமாக ஏங்கினான். ஆனால் கூப்பிடமாட்டான். கூப்பிட்டால் தோற்றுப்போனதாக ஆகிவிடாதா?

ஏக்கம் வந்தால் மனுஷன் இளைக்க வேண்டும். லோகநாதன் விஷயத்தில் அது தலைகீழாகப் போனது. மனசு வலித்தால் வண்டியை எடுத்துக்கொண்டு புதுவாயல் போவான், ரோட்டுக் கடையில் பிரியாணி தின்பான். வலி அடங்கவில்லை என்றால் இன்னொரு பிளேட். ஒரு மாசப் பிரிவில் பேண்ட் பொத்தான் இரண்டு தெறித்தன. இந்த உடம்பைக் காட்டி "உன்னை நினைத்து உருகுகிறேன்" என்றால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்?

அங்கேதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. ஊரான் ஊரான் மூஞ்சியெல்லாம் செய்கிறோமே, நம்ம மூஞ்சியை இளைக்க வைத்தால் என்ன?

உட்கார்ந்தான். தன் முகத்தை முன்பே அளந்து கம்ப்யூட்டரில் வைத்திருந்தான். கன்னத்தை உள்ளே தள்ளினான். தாடியை ஒவ்வொரு முடியாக நட்டான், நடுவில் ரெண்டு நரை வைத்தான். உதட்டை வறள விட்டான். கண்ணுக்குக் கீழே கறுப்பு. அவளுக்குப் பிடித்த நீலக் கட்டம் போட்ட சட்டையை மாட்டினான், கழுத்தெலும்பு தெரியக் காலரைத் தொளதொளவென்று விட்டான். நிஜ முகத்தில் இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றாக இருக்காது என்பது தொழில் ரகசியம். அதனால் ஒரு புருவத்தைக் கொஞ்சம் இறக்கினான்.

எல்லாம் சரி, கண் மட்டும் வரவில்லை. ஈரம் வைத்தான், சிவப்பு நரம்பு ஓட்டினான், ஜன்னல் வெளிச்சத்தைக் கண் பாப்பாவில் புள்ளியாக வைத்தான். ஊஹூம். மார்க்கெட் மீன் மாதிரி விழித்தது. கடைசியில் ஷேவிங் கண்ணாடியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, தன் கண்ணையே பார்த்தான். பார்த்தவனுக்குத் திக்கென்றது. நடிக்கவே தேவையில்லாமல் அங்கே எல்லாம் இருந்தது. அடப்பாவி, இவ்வளவு நாளாக இந்தக் கண்ணோடா பிரியாணி தின்றுகொண்டிருந்தோம் என்று அவனுக்கே பாவமாக இருந்தது. இருந்ததை இருந்தபடி செய்தான்.

படத்தை அனுப்பினான். கூடவே ஒரு வரி: "கொஞ்சம் உடம்பு சரியில்ல. நீ ஒண்ணும் கவலைப்படாத."

உடனே வீடியோ கால் வந்தது. பதறிப்போய் வெட்டிவிட்டான். "நெட்டு சரியில்ல புவனா. பேசத் தெம்பும் இல்ல" என்று தெம்பாகத் தட்டினான்.

பதில் கொஞ்ச நேரம் கழித்து வந்தது. "பயப்படாத மாமா. காலைல மொத பஸ்சு."

லோகநாதன் குதித்தான். பிரியாணிக் கவரையெல்லாம் அள்ளிக் குப்பையில் போட்டான். வீட்டைக் கழுவினான். மல்லிப்பூ வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தான். மூக்குத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டான். காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டதும் கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு திறந்தான்.

வாசலில் மாமியார் கனகாம்பாள். இடுப்பில் ஒரு கஞ்சிப் பானை, கையில் ஒரு கூடை.

"அத்தே... புவனா?"

"அது சின்னப் புள்ள, பயந்துடும். நோவாளியப் பாத்துக்கிறது எங்கையில வுடுன்னுட்டு வந்துட்டேன்." அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா மாப்ள, போட்டோல குச்சியா இருந்தீங்க, இப்போ இப்டி வீங்கிக்கினு கீறீங்க?"

"அது இன்னான்னா அத்தே..."

"பேசாதீங்க! இது நீரு வீக்கம். எங்க பெரிப்பாவுக்கு இப்டித்தான். மொதல்ல எளச்சாரு, அப்பால வீங்குனாரு, அப்பால..." கனகாம்பாள் கையை மேலே காட்டினாள்.

வீக்கம் இல்லை, கொழுப்பு என்று சொன்னால் படம் பொய்யாகிவிடும். படம் நிஜம் என்றால் கஞ்சி. லோகநாதன் கஞ்சிக்கு உட்கார்ந்தான்.

உப்பில்லாத கஞ்சி. தொட்டுக்கொள்ளப் புதினாத் துவையல், அதிலும் உப்பில்லை. கூடையிலிருந்து பழவேற்காட்டு ஏரி எறா வந்தது, கிழங்கான் மீன் வந்தது. கனகாம்பாள் தனக்கு மட்டும் தொக்கு வைத்தாள், வறுத்தாள். வாசம் கும்மென்று கூடத்துக்கு வந்தது.

"அத்தே, ஒரே ஒரு துண்டு..."

"வாசம் புடிச்சுக்குங்க மாப்ள, அதுல தப்பில்ல. வாய் வெச்சாத்தான் நீரு ஏறும்."

வண்டிச் சாவி அவள் முந்தானை முடிச்சுக்குப் போய்விட்டது. சாயங்காலம் தெருக்கோடி வரை நடை, பின்னாலேயே மாமியார். மூன்றாவது நாள் பேஜாராகிப் போய், அவள் மீன் கழுவும் சமயம் பார்த்து மொட்டைமாடிக்கு ஓடிப் போன் போட்டான்.

"புவனா, உங்கம்மாவக் கூட்டிக்கினு போயிடு. நான் நல்லாத்தான் கீறேன்."

"அப்போ அந்தப் போட்டோ?"

"செஞ்சது."

"தெரியும்."

லோகநாதனுக்குச் சுருக்கென்றது. மாட்டிக்கொண்டதற்காக இல்லை. தொழிலில் கை வைத்துவிட்டாளே!

"எப்டித் தெரியும்? தோலு பிளாஸ்டிக்கா கீதா? தாடி ஒட்டலியா? வெளிச்சம் எந்தப் பக்கம் தப்பு, சொல்லு!"

"ஒண்ணும் தப்பில்ல. எங்கம்மாவே பாத்து அழுதுட்டா. நீ போட்டுக்கினு இருந்தியே, நீலக் கட்டம் போட்ட சட்டை, அது அங்க இல்ல மாமா."

"பீரோல தானே கீது?"

"பீரோவத் தொறந்து பாத்தியா? நான்தான் வரப்போ பைல வெச்சு எடுத்துக்கினு வந்துட்டேன்."

"என் சட்டை உனுக்கு எதுக்கு?"

பதில் சின்னக் குரலில் வந்தது. "தலைக்கு வெச்சுக்கினாத்தான் தூக்கம் வருது."

லோகநாதன் தண்ணீர்த் தொட்டி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"சட்டை பொய்யி, தாடி பொய்யி, ஒட்டுன கன்னம் பொய்யி," என்றாள். "கண்ணு மட்டும் உன்னுது. அதப் பாத்துட்டுத்தான் வீடியோ போட்டேன். நீ கட் பண்ணிட்டே. சரி, அனுப்புறேன் இருன்னு அம்மாவ அனுப்புனேன்."

தீர்மானமாவது ஒன்றாவது. "வந்துடு புவனா," என்றான். "நீ இல்லாம இந்த ஊடு புடிக்கல. சோறு புடிக்கல. உன் மூஞ்சியப் பாக்காம இருக்க முடியல என்னால. வந்துடு."

"இந்த ஒரு வார்த்தையச் சொல்றதுக்கா இவ்ளோ நாளு?" அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"வரியா?"

"வரேன் மாமா."

லோகநாதனுக்கு மொட்டைமாடியே மிதப்பது போலிருந்தது. "இப்பவே பொன்னேரி பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கட்டா?"

"இரு, இரு. அந்தப் போட்டோவ இங்க தெருவுல எல்லாருக்கும் காட்டிட்டேன். 'என் ஊட்டுக்காரரு என்ன நெனச்சு நெனச்சு எப்டி எளச்சிட்டாரு பாருங்க'ன்னு அழுதுகூடக் காட்டிட்டேன். என்னக் கொண்டாந்து வுடத் தெருவே கெளம்பி வரப்போவுது. உன்ன இந்த லட்சணத்துல பாத்தாங்கன்னா என் மானம் இன்னாத்துக்காவுறது? அதுல கீற ஆளு மாதிரி நீ என்னிக்கு எளைக்கிறியோ, அன்னிக்கு வரேன். அதுவரிக்கும் அம்மா அங்கியே இருக்கும்."