அத்தா ‘பார்க்கலாம்’ என்றார், நான் மொழிபெயர்த்தேன்

எனக்குப் பகல் கனவு காணும் வியாதி உண்டு. கண் திறந்திருக்கும், தலை ஆடும், வாய் பொருத்தமாகப் பதில்கூடச் சொல்லும். ஆள் மட்டும் அங்கே இருக்க மாட்டேன். இந்த வியாதி உள்ளவள் மொழிபெயர்ப்பாளராக உட்காரக் கூடாது. நான் உட்கார்ந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். (இதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவேன்.) அதனால் நாங்கள் குடியிருந்த செங்காங் வீட்டை விற்று வேறு வீடு வாங்கித்தர ஓர் ஏஜெண்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) தொலைவில் இருக்கும் தேக்கா சந்தையில் இறைச்சிக் கடையில் வேலை. முதல் ரயில் ஓடும் முன்பே கடையில் நிற்க வேண்டும். இத்தனை வருடமும் கடை வேன் வந்து ஏற்றிப்போனது. ஆண்டு முடிந்ததும் வேனை நிறுத்தப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். அதற்குள் தேக்கா பக்கம் குடிமாறினால்தான் அத்தாவுக்கு வேலை.

ஒரு சனிக்கிழமை மூன்று ஏஜெண்டுகளை வரச் சொன்னேன். மதிப்பெண் போட நோட்டுப் புத்தகமும் தயார்.

முதலில் ஜேசன். வாசனைத் திரவியம் முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார். கையகலத் திரையில் தேக்கா பக்கத்து வீடு ஒன்றின் படத்தைக் காட்டினார். அவ்வளவுதான், நான் அங்கே குடியேறிவிட்டேன். பன்னிரண்டாவது மாடி. வெள்ளைத் திரைச்சீலை மெல்ல உப்பி அடங்குகிறது. கீழே சந்தையின் இரைச்சல் தூரத்துக் கடல் போலக் கேட்கிறது. அத்தா அவசரமில்லாமல் நடந்து வேலைக்குப் போகிறார், நான் ஜன்னலில் நின்று கையசைக்கிறேன்...

“பார்க்கலாம்” என்று எங்கிருந்தோ அத்தாவின் குரல்.

“கேன் சீ” என்று சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி ஜேசனிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

அடுத்து திருமதி லின். வந்தவுடனே சுவர் விரிசல்களை எண்ணினார். அதே பார்க்கலாம், அதே கேன் சீ. (நான் அதற்குள் திரைச்சீலையை நீலத்துக்கு மாற்றியிருந்தேன்.)

கடைசியாக சலீம் அண்ணன். கசங்கிய சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. தமிழிலேயே பேசினார். நமக்கு இவர் சரிப்படமாட்டார் என்று அத்தாவுக்குக் கண்ணைக் காட்டினேன்.

“பார்க்கலாம் தம்பி” என்றார் அத்தா.

“சரிண்ணே” என்று சிரித்துவிட்டு, தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ‘முயற்சி போதாது’ என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம். அத்தா வேலை முடிந்து வந்து, கைலியோடு கூடத்துத் தரையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா தலையில் மருதாணி அரைத்துப் பூசியிருந்தார். மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஜேசன், அவர் பின்னால் ஒரு குடும்பம். அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் மின்தூக்கி திறந்து திருமதி லின் இன்னொரு குடும்பத்தோடு இறங்கினார்.

“இது நான் விற்கும் வீடு லா!” என்றார் ஜேசன்.

“யார் சொன்னது? எனக்குத்தான் கொடுத்தார்கள்!” என்றார் லின்.

வந்தவர்களில் ஒருவர் அளவு நாடாவை நீட்டி, அத்தாவைத் தாண்டிச் சுவரை அளந்தார். அம்மா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குளியலறைக்குள் ஓடினார். அங்கே ஏற்கெனவே ஒரு பெண் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தா எழுந்து உட்கார்ந்தார். “யாரும்மா இவங்க?”

“வீடு பார்க்க வந்திருக்காங்க, அத்தா.”

“யாரு வரச் சொன்னது?”

“நீங்கதான். பார்க்கலாம்னு சொன்னீங்கல்ல? வந்து பார்க்கலாம்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்.”

குளியலறை வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “அடியே, பார்க்கலாம்னா வேணாம்னு அர்த்தம்டி! இத்தனை வருஷம் தமிழ் படிச்சியே, அங்க இதச் சொல்லித்தரலையா?”

உண்மையில் எனக்கும் தெரியும். தெருவில் யார் சொன்னாலும் புரிந்திருக்கும். அன்று நான் பன்னிரண்டாவது மாடியில் இருந்தேன்.

இரண்டு ஏஜெண்டுகளும் கோபித்துக்கொண்டு போனார்கள். இரண்டு குடும்பங்களும் அவர்கள் பின்னாலேயே போயின. கூடம் அமைதியானதும் அத்தா கேட்டார், “அந்த மூணாவது ஆளு வரலையே?”

“வரல அத்தா.”

“அவரையே கூப்பிடு. அவருக்குத்தான் நாம பேசினது புரிஞ்சிருக்கு.”

என் தன்மானத்தைக் கூட்டி அள்ளிக்கொண்டு தொலைபேசியை எடுத்தேன். “அண்ணே, அன்னைக்கு அத்தா பார்க்கலாம்னு சொன்னாங்கல்ல...”

“வேணாம்னாங்க. தெரியும்மா.”

“இப்ப பார்க்கலாம்ணே.”

“இது எந்தப் பார்க்கலாம்மா?”

“வாங்கண்ணே” என்றேன் சின்னக் குரலில்.

வேன் நிற்பதற்கு இரண்டு வாரம் முன்பு தேக்கா வீட்டுச் சாவி கைக்கு வந்தது. கிடைத்தது ஐந்தாவது மாடிதான். கடல் போல ஒன்றும் கேட்பதில்லை, கோழி வெட்டும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. அத்தா நடந்துதான் வேலைக்குப் போகிறார்.

ஆனால் மருத்துவமனையோ வங்கியோ, வெளியாரிடம் நான் எதைச் சொல்வதாக இருந்தாலும் முதலில் வீட்டாரிடம் தமிழில் சொல்லிக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். போன வாரம் காப்பிக்கடையில் பாலில்லாத தேநீரான ‘தே ஓ’ கேட்க வாயைத் திறந்தேன். அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இரும்மா. நீ என்ன கேக்கப்போறே?”