காந்தம் ஒட்டாத கல்

கல்லில் காந்தம் ஒட்டவில்லை. முஜிபுர் ரகுமான் மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டார்.

நெல்லோடு வரும் ஆணிகளை இழுக்கிற காந்தம் அது. புதுவயல் ரைஸ்மில் சூப்பர்வைசரான அவருக்கு மனிதர்களைவிட அதன் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

கல்லைக் கொடுத்தவர் மச்சான் அன்வர் சாதிக். ஒரு கல்யாணப் பந்தியில் தன் பங்குக்கு வெறும் எலும்பாக விழுந்ததென்று மூன்று வருடம் பேசாமலிருந்தவர். போன மாதம் வியட்நாமிலிருந்து வந்து சமாதானமாகி, கறுப்புக் கண்ணாடிக் கல் ஒன்றைத் தந்தார். எரிகல் மோதியதில் மண் உருகி உண்டான டெக்டைட்டாம்.

“எரிகல் மோதுனதுல இரும்பு இருக்காதா? என்னையவே ஏமாத்திட்டாரே மச்சான்” என்று கல்லை மில்லுக்குப் பின்னால் வீசினார்.

வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னபோது, கல்லூரியில் இயற்பியல் படிக்கும் மகள் ரிஹானா தலையில் அடித்துக்கொண்டாள். டெக்டைட்டில் உலோகம் அநேகமாகக் கிடையாது, காந்தம் ஒட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும் என்றாள்.

மனைவி பர்வீன் பானு நிதானமாகச் சொன்னாள்: “வெள்ளிக்கிழமை அண்ணன் பிரியாணிக்கு வர்றாக. ஷோகேஸ்ல அந்தக் கல்லு இல்லேன்னா எந்திரிச்சுப் போயிருவாக. நானும் பின்னாலேயே போயிருவேன்.”

மறுநாள் மில்லுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். கல் விழுந்த இடம் பாய்லர் சாம்பல் குவியல். உமிச் சாம்பல் உருகி இறுகிய கறுப்புக் கண்ணாடிக் கட்டிகள், எல்லாம் மச்சான் கல்லின் ஜாடையிலேயே கிடந்தன. காந்தத்தால் துழாவினார். துருப்பிடித்த கம்பிகள் ஒட்டின. மிச்சமிருந்த அறுபது கட்டிகளும் அசல் டெக்டைட் போலவே அசையாமல் கிடந்தன.

வேறு வழியில்லை. பளபளப்பான ஒன்றைப் பொறுக்கி, ஷாம்பு போட்டுக் கழுவி ஷோகேஸில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை அன்வர் சாதிக் அதை வெளிச்சத்தில் பிடித்தார். முஜிபுரின் காந்தத்தையும் வாங்கி வைத்துப் பார்த்தார்.

“அதே கல்லுதான் மாப்ள. என் கையாலயே பொறுக்குனதாச்சே, தெரியாதா?”

முஜிபுருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. இருந்ததிலேயே பெரிய கறித்துண்டை மச்சான் தட்டில் வைத்தார்.

கூடச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மில்லின் பாய்லர் ஆள் முத்தரசு, விரலைச் சூப்பியபடி ஷோகேஸைப் பார்த்தார்.

“அன்வர் பாய், போன மாசம் நம்ம சாம்பக் குமியல்ல நீங்க பொறுக்கிட்டுப் போனது இதவிடப் பெருசால்ல இருந்துச்சு?”