விரல் டாக்டரும் ஒரு கேரட்டும்

விரல் டாக்டர் வந்தாலும் வந்தார், பெற்றவர்களுக்குத் தூக்கம் போயிற்று. பிள்ளை திரைக்குப் பின்னால் உட்கார வேண்டும். திரையில் ஓர் ஓட்டை. அதன் வழியாக விரலைப் பெட்டிக்குள் நீட்டினால் நீல விளக்கு எரியும், பெட்டி உறுமும், கல்லூரியில் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று மறுபக்கத்திலிருந்து அருள்வாக்கு வரும். முகத்தைப் பார்த்தால் தீர்ப்பு கோணிவிடுமாம். அடேயப்பா, என்ன நேர்மை!

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அந்த அம்மாவும் மகளை இழுத்துவந்து வரிசையில் நின்றாள். கூடவே நாத்தனார், காய்கறிப் பையோடு. முதன்மைப் பாடத்தைச் சொல்லக் கல்லூரியில் அன்றுதான் கடைசி நாள்.

மகளுக்கு நிலவியல் என்றால் உயிர். கல்லூரி கொடுத்த சுயமதிப்பீட்டுத் தாளில் எது பிடிக்கும், எது வராது என்று யோசித்து யோசித்து எழுதியிருந்தாள். அம்மாவுக்கு அதைக் கண்டாலே எரிச்சல்.

"உன்கிட்டயே கேட்டு உனக்கே சொல்றதுக்குப் பேரு சோதனையா? இது மெஷினுடி, பொய் சொல்லாது!"

வரிசையில் ஒரு பெண்மணி தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். பேச்சில் தேன் ஒழுகியது. "பொண்ணு என்ன ஆகணும்னு ஆசைம்மா?" என்று கேட்டதுதான் தாமதம், அம்மா கொட்டித் தீர்த்துவிட்டாள். "ஆடிட்டர்! ஏசி ரூம்ல உக்காந்து கணக்குப் பாக்கணும்." தண்ணியம்மா குடம் நிரப்ப உள்ளே போனாள். பாவம், அந்தக் குடம் அடிக்கடி காலியாகும்.

மகள் விரலை நீட்டினாள். பெட்டி உறுமியது.

"இந்த விரல்ல நம்பரா ஓடுது! ஆடிட்டர்!"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரா சொன்னாரு? நீதானேம்மா தண்ணியம்மாகிட்ட சொன்ன," என்றாள் மகள். "இதுக்காக நான் ஆயுசு பூரா பிடிக்காத வேலையப் பாக்கணுமா?"

"வாய மூடு!"

"சண்டை எதுக்கு அண்ணி? சோதிச்சுட்டாப் போச்சு," என்றாள் நாத்தனார். போய் வரிசையின் கடைசியில் நின்றாள். அத்தனை கூட்டத்தில் தண்ணியம்மாவுக்கு ஆசைகள்தான் நினைவிருக்கும், முகங்கள் இருக்காது. "என் பையன் கப்பல் கேப்டன் ஆகணுங்க. தோ, வந்துட்டே இருக்கான்." குடம் உடனே காலியானது.

திரைக்குப் பின்னால் போன நாத்தனார் பையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்து ஓட்டைக்குள் விட்டாள்.

"ஆஹா! இந்த ரத்தத்துல அலை அடிக்குதும்மா! உங்க பையன் கப்பல் கேப்டன்!"

நாத்தனார் திரையை விலக்கினாள். பெட்டிக்குள் மாட்டியிருந்த கேரட்டைக் கூட்டம் பார்த்தது. டாக்டரும் அப்போதுதான் பார்த்தார். "கரண்டு ஏறி இறங்கிடுச்சு," என்றபடி வெள்ளைக் கோட்டைக் கழற்றி, பின்வாசல் வழியாக நடையைக் கட்டினார். தண்ணியம்மா குடத்தைப் போட்டுவிட்டு அவருக்கு முன்னால் ஓடினாள்.

அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "எவகிட்டயோ என் ஆசையச் சொன்னேன். உன் ஆசைய ஒரு தடவகூடக் கேக்கலியேடி."

"இப்பக் கேளும்மா."

கல்லூரி வரைக்கும் மகள் பாறை, மண், நிலத்தடி நீர் என்று பேசிக்கொண்டே வந்தாள். "வேலை கிடைக்குமா?" என்று அம்மா குடைந்தாள். "வா, வாத்தியாரையே கேப்போம்," என்றாள் மகள். அம்மா அவளோடு போனாள்.

வரிசை மட்டும் கலையவில்லை. "கேரட்டுக்கே இவ்வளவு துல்லியமாச் சொல்றாருன்னா, மனுஷனுக்கு எப்படிச் சொல்லுவாரு!" என்று ஒருவர் சிலிர்த்துக்கொண்டிருந்தார். ஐயா, விரலைப் பெட்டிக்குள் நீட்டியது போதும். அதே விரலால் உங்கள் தலையை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று.