மோசமானவர்களின் ஆட்சியும் மூன்று காபியும்

எந்தச் சொல் காதில் விழுந்தாலும் அதன் வேரைத் தோண்டும் வேர்ச்சொல்காரர் என்று ஓர் இனம் உண்டு. கிரேக்கத் துறைமுக ஊரான எங்கள் பிரேயஸில் மாடிக்கு ஒருவர் இருப்பார். தேர்தல் ஞாயிறன்று மதியம், நான் கவனித்துக்கொள்ளும் நிகிஃபோரோஸ் ஐயாவின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தபோது, மேல்மாடி வேர்ச்சொல்காரர் இறங்கி வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார், பண்டெலிஸ்.

ஐயாவுக்கு எண்பத்தெட்டு வயது. இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதமாகத் தெருவைப் பார்க்கவில்லை. தெருமுனைப் பள்ளிக்குப் போய் ஓட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. லிஃப்ட் கிடையாது, நாற்காலியோடு இறக்க இருவர் வேண்டும். நான் ஒருத்தி, வாத்தியார் ஒருவர். ஒரே ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றார் வாத்தியார்.

அந்த நேரம் பார்த்துத் தொலைக்காட்சியில் யாரோ 'ககிஸ்தோக்ராத்தியா' என்றார்கள். தீர்ந்தது. 'ககிஸ்தோஸ்' என்றால் படுமோசமானவன், 'கிராத்தோஸ்' என்றால் அதிகாரம், நம் வேர்களை எடுத்து ஆங்கிலேயர்கள் ஒட்டிய சொல், நூற்றாண்டுக் கணக்கில் தூங்கிவிட்டு இப்போது வசவாகத் தெருவுக்கு வந்திருக்கிறது என்று விரித்து, குழந்தைகள் துணியில் போகும் 'கக்கா'வுக்கும் அதே வேர்தான் என்பார்கள் சிலர் என்று முடித்தார். அதை நான் தினமும் வாளியில் எடுத்துப்போகிறேன். எனக்குப் பாடம் வேண்டுமா?

மூன்றாவது காபி. மணி ஆறேகால். ஏழுக்குச் சாவடி மூடிவிடும்.

"இந்த மாதிரி ஆட்சி எப்படி வருது தெரியுமா? ஓட்டுப் போடாதவனாலதான்," என்றார் வாத்தியார்.

சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு நான்கு மணி நேரமாகக் காத்திருந்த ஐயா சொன்னார்: "வாத்தியாரே, மோசமானவன் ஜெயிக்கட்டும். ஆனா நான் ஓட்டுப் போட்டப்புறம் ஜெயிக்கட்டும்."

நான் கோப்பையைப் பிடுங்கினேன். நாற்காலியின் முன்பக்கத்தை வாத்தியாரிடம் கொடுத்தேன். இரண்டு மாடிக்கும் மூச்சு வாங்கியதில்தான் அவர் வாய் ஓய்ந்தது. ஏழுக்கு எட்டு நிமிடம் இருக்கையில் ஐயாவின் சீட்டு பெட்டிக்குள் விழுந்தது. முகத்தில் கல்யாணக் களை.

"நீங்களும் போட்டுடுங்க வாத்தியாரே," என்றார்.

வாத்தியார் தன் செருப்பைப் பார்த்தார். அவர் பெயர் இன்னும் லெஸ்வோஸ் தீவில், அப்பா ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதாம். கப்பலில் ஓர் இரவுப் பயணம். நாற்பது வருடமாக மாற்றவில்லை. அத்தனை தேர்தலிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பதிலாக 'தேர்தல்' என்ற சொல்லின் வேர்தான் கிடைத்தது.

சிரிக்கிறீர்களா? சரி, உங்கள் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது?

மறுநாள் காலை ஐயாவைக் குளிப்பாட்டிவிட்டு, வாத்தியாரை நகராட்சி அலுவலகத்துக்குக் கையோடு கூட்டிப்போனேன். பெயர் மாற்றும் விண்ணப்பத்தின் தலைப்பைப் படித்ததும் அவர் வாய் திறந்தது.

"முதல்ல கையெழுத்து வாத்தியாரே," என்று பேனாவை நீட்டினேன். போட்டார்.