முதலாளி மனசில் என்ன நிறம்

கறுப்பைப் பார்த்து முதலாளி ஒட்வார் “ஹ்ம்” என்றார். அவ்வளவுதான். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பனிக்குள் போய்விட்டார்.

குகநேசன் துடைத்த துணியும் கையுமாக நின்றான். மேசையில் ஆறு புகைக்குழாய்கள், அமாவாசை இருட்டைக் காய்ச்சி வார்த்தது போல வரிசையாகக் கிடந்தன. நேற்று முழுவதும் நின்ற நிலையில் அடித்த பெயின்ற். ஒரு “ஹ்ம்”மில் ஆறும் பாழ்.

ஒஸ்லோவில் குறூருட் பக்கம், பனியில் ஓடும் ஸ்னோஸ்கூட்டர் திருத்தும் கராஜ் அது. திங்கட்கிழமை காலையில் ஒட்வார் மூன்று பெயின்ற் பேணிகளை அவன் முன்னால் வைத்தார். கறுப்பு, வெள்ளி, வெள்ளை. மூன்றும் சூடு தாங்கும் பூச்சு.

“வடகோடி ஹம்மர்பெஸ்டில் இருந்து வாடிக்கையாளர் வெள்ளிக்கிழமை வருகிறார். ஆறு குழாய்க்கும் எது நல்லதென்று நீயே தெரிவு செய்” என்றார், நொர்வேஜிய மொழியில், நிறுத்தி நிறுத்தி.

நீயே தெரிவு செய். குகநேசன் பேணிகளை விட்டு முதலாளியைப் பார்த்தான்.

பதினாறு வயதில் சுண்ணாம்புச் சூளையில் கல் சுமந்தவன் அவன். பிறகு கொழும்பில் மூட்டை. இங்கே வந்து மீன் பெட்டி. தூக்கு என்றால் தூக்கினான், இறக்கு என்றால் இறக்கினான். எது நல்லது என்று ஒரு முதலாளியும் அவனைக் கேட்டதில்லை. கேட்டால் அது கேள்வி இல்லை, சோதனை. மறுமொழி அவர் மடியில் முடிந்து இருக்கும். மோப்பம் பிடிக்கிறவன் பிழைப்பான்.

சோதனை வந்த நேரமும் அப்படி. ஆறு மாதத் தகுதிகாண் காலம் இந்தக் கிழமையோடு முடிகிறது. நிரந்தர வேலைக் கடிதம் கையில் வந்தால்தான் ராகவியின் விசாவுக்கு வழி. கல்யாணம் கட்டி மூன்று வருடம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு அவள் காத்திருக்கிறாள். இரண்டாயிரத்து ஆறு பிறந்ததில் இருந்து அங்கே நிலைமையும் சரியில்லை.

கறுப்பைப் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. பேசும்போது ஒட்வாரின் விரல் கறுப்புப் பேணியைத் தட்டிக்கொண்டிருந்தது. விரல் ஏமாற்றிவிட்டது.

புதன் பகல் முழுக்கக் கறுப்பைச் சுரண்டினான். கிறைண்டரில் இருந்து தூள் எழும்பி, நின்று, யோசித்து, மெல்ல இறங்கியது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளைப் பனி, உள்ளே கறுப்புப் பனி. இரண்டுக்கும் நடுவில் தான் எந்த ஊரில் நிற்கிறான் என்பதே அவனுக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோனது.

பின்னேரம் ஆறு குழாயிலும் வெள்ளி ஏறியது. ஒட்வாரின் கார் வெள்ளி நிறம். காரைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்?

ஒட்வார் வந்தார். “ஹ்ம். வெள்ளியா?”

“உங்களுக்குப் பிடிக்கவில்லையா?”

“எனக்குப் பிடிக்க வேண்டியதில்லை. நீ என்ன நினைக்கிறாய்?”

“நீங்கள் நினைக்கிறதைத்தான்.”

ஒட்வாரின் முகம் அழப்போகிற முகமாக ஒருமுறை கோணியது. மறுபடி பனிக்குள் போய்விட்டார்.

குறொன்லாண்டில் குகநேசனோடு ஒரே வீட்டில் இருக்கும் அருட்செல்வம், ராக்சி ஓட்டுகிறவர், அன்றைக்கு வெங்காயம் உரித்தபடி வழக்கைக் கேட்டார்.

“பதினெட்டு வருசமா இவங்களோடை பழகிறன். நொர்வேக்காரனுக்கு வெள்ளைதான்ரா பிடிக்கும்.”

“எப்பிடியண்ணை சொல்லுறியள்?”

“சுவர் வெள்ளை. கதவு வெள்ளை. மீன் வெள்ளை, கிழங்கு வெள்ளை, அதுக்கு மேலை ஊத்திற குழம்பும் வெள்ளை. அதுவும் காணாதெண்டால் சன்னலைத் திறந்து வெளியிலை பாப்பான்.”

“சூட்டுக்கு எது நல்லதெண்டு...”

“சூட்டை விடு. ஆளைப் பார்.”

அதற்குள் ராகவி ரெலிபோனில் வந்தாள். “கடிதம் தந்திட்டினமோ?”

“ஒரு நிறம் கண்டுபிடிக்கவேணும். பிறகு தருவினம்.”

“என்னப்பா, சுகமாத்தானே இருக்கிறியள்?”

வியாழன் விடிந்ததும் சுரண்டத் தொடங்கினான். மூன்று குழாய்களைப் பூச்சில்லாத பச்சை இரும்பாக்கவே மத்தியானமாகிவிட்டது. மிச்ச மூன்றிலும் வெள்ளிக்கு மேலேயே வெள்ளையை அடித்தான். ஆறையும் சூட்டுப்பெட்டியில் வேகவைத்து எடுத்தான். மூன்று, பால் போல வந்தன. மூன்றில் தேமல்.

ஒரு குழாயின் தேமலை ஆற்றக் காஸ் சுவாலையைப் பிடித்தான். தேமல் ஊதாவானது, ஊதா நீலமானது, நீலத்தின் ஓரத்தில் மயிற்கழுத்துப் பச்சை ஒன்று ஓடியது. வடிவாகத்தான் இருந்தது. வேலை போகிற வடிவு. பதறிப்போய்க் குறட்டால் தூக்கி வாசலுக்கு வெளியே பனிக்குள் எறிந்தான்.

உஸ்ஸென்று ஆவி எழும்பி அவனை மூடியது. அந்த வெண்மைக்குள் விமானப் படிகள் இறங்கி வந்தன. ராகவி சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, பனியைக் காலால் தொட்டுப் பார்த்து, தொட்டுப் பார்த்து இறங்கினாள். கடைசிப் படியில் ஆவி கலைந்தது. கீழே குழாய், தோலுரிந்த அவித்த கிழங்காகக் கிடந்தது.

அதற்குப் பிறகு அவனுக்குப் பயம் விட்டுப்போயிற்று. மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பழுக்கக் காய்ச்சிப் பனியில் எறிந்தான். வளைவுகளில் சுரண்டப்படாமல் கிடந்த கறுப்பு, பனி பட்டதும் செதிள் செதிளாகக் கழன்றது. மேல் வெள்ளை உரிந்து தெரிந்த வெள்ளி கழலவில்லை, ஆனால் அதன் பக்கம் கை கொண்டுபோக முடியாத அனல். பச்சை இரும்பில் அடித்த வெள்ளை மட்டும் ஒன்றும் நடக்காதது போல இருந்தது. கையை ஒரு சாண் கிட்டவே கொண்டுபோக முடிந்தது.

வெள்ளிக்கிழமை ஒட்வார் தலை வாரி, இஸ்திரி போட்ட சேட்டோடு நின்றார். குழாய்களைப் பார்த்தார். “ஹ்ம்” கூட வரவில்லை.

கதவு திறந்தது. காதை மூடும் ரோமத் தொப்பி, முழங்கால் வரை சப்பாத்து, நெற்றியில் சின்னப் பொட்டு. ஐம்பது வயதில் ஒரு கட்டைப் பெண்.

“அக்கா, தமிழ்ப் பள்ளிக்கூடம் மற்றத் தெருவிலை” என்றான் குகநேசன்.

“இந்த வயசிலை எனக்கென்னத்துக்குப் பள்ளிக்கூடம்? குழாய் பாக்க வந்தனான். சிறிதேவி. ஹம்மர்பெஸ்டிலை ஸ்கூட்டர் வாடகைக்கு விடுறனான்.”

குந்தியிருந்து ஒவ்வொரு குழாயையும் நகத்தால் சுரண்டினாள். மீன் வெட்டிக் காய்த்துப்போன விரல்கள்.

“ஆரடிச்சது?”

“நான்தான்.”

“மூண்டு நல்லாயிருக்கு. மூண்டு நாய் நக்கினமாதிரி இருக்கு. எது நல்லதெண்டு நீர் சொல்லுறீர்?”

குகநேசன் ஒட்வாரைப் பார்த்தான். ஒட்வார் கூரையைப் பார்த்தார். கூரையில் எந்த நிறமும் இல்லை.

“வெள்ளை” என்றான். “ஆனா, பச்சை இரும்பிலை மெல்லிசா அடிக்கவேணும். கறுப்பு பனி பட்டால் உரியும். வெள்ளி நிக்கும், ஆனா சூட்டை வெளியிலை விடும். மேலை இருக்கிற பிளாஸ்ரிக் மூடி உருகிப்போம்.”

“எப்பிடித் தெரியும்?”

“மூண்டையும் பழுதாக்கிப் பாத்தனான்.”

சிறிதேவி எழும்பி முழங்காலைத் தட்டினாள். ஒட்வாரைப் பார்த்து நொர்வேஜிய மொழியில் ஏதோ சொன்னாள். அவர் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து போட்டார். கதிரையின் தூசியைத் தன் கைலேஞ்சியால் துடைத்தார்.

“தம்பி, இந்தக் கராஜைத் திங்கட்கிழமை நான் வாங்கிப்போட்டன்” என்றாள் அவள், உட்கார்ந்து தொப்பியைக் கழற்றியபடி. “எது நல்ல பூச்செண்டு இந்தாளைத்தான் கேட்டனான். கிழமை முழுக்க ரெலிபோன் எடுத்து, உங்களுக்கு எந்த நிறம் விருப்பம், எந்த நிறம் விருப்பம் எண்டு என்ரை உயிரை எடுத்துப்போட்டுது. உம்மடை கடிதத்தை இப்பவே எழுதித் தாறன். இந்தாளை என்ன செய்யிறது, வைச்சிருப்பமோ, விடுவமோ? நீரே தெரிவு செய்யும்.”