சாயம் வெளுத்த தலைவர்

ஒரு காட்டில், செல்போன் சிக்னல் கிடைக்கும் பக்கமாக, மாசிலாமணி என்று ஒரு கரடி இருந்தது. மனைவி செண்பகத்துக்குக் கடலைக் காட்டுகிறேன் என்று சத்தியம் செய்து அது ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியது. வண்டியின் இரு பக்கமும் தொங்கவிட, கன்னங்கரேலென்று இரண்டு துணிப்பைகளும் வாங்கியது.

வாருக்குள் வார் நுழைத்து, கொக்கிக்குக் கொக்கி மாட்டி முடிப்பதற்குள் கரடிக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இன்னொரு தடவை கழற்றி மாட்டும் வேலை தன் பரம்பரைக்கே ஆகாது என்று அது முடிவு செய்தது. அதனால் பைகள் வண்டியிலேயே கிடந்தன. மரத்தடியில் காக்காய் எச்சம் விழும் என்று வண்டி வாசல் வெயிலிலேயே நின்றது. முதல் வருஷம் மழை, அடுத்த வருஷம் இடுப்புவலி. கடல் எங்கேயும் ஓடிவிடாது என்று செண்பகத்திடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் வண்டி போய்வந்த ஒரே இடம் குளத்தங்கரை டீக்கடைதான். வலது பக்கம் வீட்டுச் சுவர் மறைத்துக்கொண்டதில், இடது பை மட்டும் கறுப்பு போய்ச் செம்மண்ணாகி, பிறகு சாம்பலாகிவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கரடிக்குத் தன் மேலேயே வெட்கமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் காட்டில் நெடுந்தூர வண்டியோட்டிகள் சங்கம் ஒன்று ஆரம்பமானது. முதல் பயணமே கடலுக்கு. கூட்டத்தோடு போனாலாவது போய்ச் சேருவோம் என்று கரடியும் விண்ணப்பம் போட்டது. 'இதுவரை சென்ற இடங்கள்' என்ற கட்டத்தில், டீக்கடை என்று உள்ளதை உள்ளபடி எழுதியது.

செயலாளர் கீரிப்பிள்ளை படிவத்தைப் படிக்கவே இல்லை. படிவத்தில் யார் வேண்டுமானாலும் அளக்கலாம், வெயிலில் வெளுத்த துணி பொய் சொல்லாது என்பது அதன் கட்சி. வண்டிகளை வரிசையில் நிறுத்திப் பைகளை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தது.

அஞ்சலை என்ற முள்ளம்பன்றி மூன்று தடவை கடல் பார்த்துவிட்டு வந்திருந்தது. ஆனால் அதன் பை புத்தம்புதுசாக இருந்தது. நின்ற இடத்திலெல்லாம் உறை போட்டு மூடுமாம், வீடு வந்ததும் கழற்றி உள்ளே வைத்துவிடுமாம்.

"வெயில்ல போடாதீங்கன்னு பையிலயே எழுதியிருக்குதே" என்றது அஞ்சலை.

"அதைப் படிச்சுக்கிட்டு உட்கார்ந்தவ எங்க ஊர் சுத்தியிருக்கப் போறா?" என்று கீரிப்பிள்ளை அதன் விண்ணப்பத்தை ஒதுக்கிவிட்டது.

கரடியின் இடது பையைக் கண்டதும் கூட்டம் அதைச் சுற்றி மொய்த்துக்கொண்டது. வலது பை மட்டும் ஏன் கறுப்பு என்று ஓர் ஆமை கேட்டது. சாயங்காலத்தில் வடக்கே போனால் வெயில் இடப்பக்கம், காலையில் தெற்கே திரும்பினாலும் இடப்பக்கம், ஆகவே இது இமயமலை போய்வந்த பை என்று கீரிப்பிள்ளை விளக்கியது.

"நான் எங்கயும் போனதில்லைங்க" என்றது கரடி.

என்ன அடக்கம் என்று அதற்கு மாலை போட்டுத் தலைவராக்கிவிட்டார்கள். மற்றவர்களுக்குச் சாயம் வெளுத்தால் குட்டு உடையும். மாசிலாமணிக்கு வெளுத்ததால்தான் பதவியே வந்தது. மாலை கழுத்தில் விழுந்த பிறகு இரண்டாம் முறை மறுக்க அதற்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது வண்டிகள் கிளம்பின. செண்பகம் புதுச்சேலை கட்டிப் பின்னால் ஏறிக்கொண்டது. தலைவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அந்த வழியிலேயே போய் டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தியது. எல்லோருக்கும் தெரிந்த குளம்தான் அது. ஆனாலும் தலைவர் நிறுத்திய இடமாயிற்றே. கிட்டப் போனால் கடலும் பார்த்த இடம் மாதிரித்தான் இருக்கும் என்று சொல்லிக் கீரிப்பிள்ளை செல்ஃபி எடுத்துக்கொண்டது.

செண்பகம் மட்டும் கரைக்கு இறங்கிப் பார்த்தது.

"ஏங்க, இதுலதானே நான் தினமும் துணி துவைக்கிறேன்?"

கரடி மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அப்போது தனியாகக் கடலுக்குக் கிளம்பிய அஞ்சலை அந்த வழியாக வந்தது. செண்பகம் கைகாட்டி நிறுத்தி அதன் பின்னால் ஏறி உட்கார்ந்தது. முள் குத்துமே என்று கரடி பதறியது.

"குத்தினாக் குத்தட்டும். போய்ச் சேரும்ல?" என்றது செண்பகம்.

வண்டி திருப்பத்தில் மறைந்தது. அடுத்து எங்கே தலைவரே என்று கீரிப்பிள்ளை பணிவாகக் கேட்டது.

"வீட்டுக்கு" என்றது கரடி. "அந்த வழியும் எனக்குத் தெரியும்."

நீதி: கடல் பார்க்க ஆசையிருந்தால், பை வெளுக்காதவர் வண்டியில் ஏறுங்கள். தலைவராக ஆசையிருந்தால், பையை வெயிலில் விட்டுவிட்டு வீட்டுக்குள் படுத்துத் தூங்குங்கள். இதை எழுதியவனின் பை நன்றாகவே வெளுத்திருக்கிறது.