மூன்று ஃபேன் வைத்த பெட்டி

பெட்டிக்குள் அடங்காமல் இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது கிராஃபிக்ஸ் கார்டு.

இருபத்தாறு வருடத் தொழிலில் பெட்டிக்காரருக்கு இப்படி ஓர் அவமானம் நேர்ந்ததே இல்லை. அவர் செய்வது சவப்பெட்டி. ஒருமுறை அளவெடுத்தால் எடுத்ததுதான். உள்ளே போனவர்கள் யாரும் எழுந்து வந்து, இடிக்கிறது என்று இதுவரை புகார் சொன்னது கிடையாது.

“என்னங்க, கால் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு?” என்றாள் மனைவி. பெட்டிகளுக்கு உள்ளே போடும் வெள்ளை மெத்தையைத் தைப்பது அவள் வேலை.

“கால் இல்லடி, கார்டு. படம் எல்லாம் இதுலதான் ஓடுமாம்.”

“முதல்லயே அளந்திருக்கக் கூடாதா?”

“அளந்தேன். அது வேற கார்டு. இதைவிடப் பெருசு ஒண்ணு இருக்குன்னு கடைக்காரப் பொண்ணு சொன்னா. நம்ம பொண்ணுக்கு எதுக்குக் குறைச்சல்னு மாத்திட்டேன்.”

பெட்டிக்காரருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் திங்கட்கிழமை மகள் ஃபோனில் தோழியிடம் பேசியது காதில் விழுந்துவிட்டது. “இதை வச்சுக்கிட்டு இனிமே ஓட்ட முடியாதுடி. சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கிட்டு அங்கயே வந்துடறேன். உங்கிட்டதான் எல்லாம் இருக்கே.”

‘இதை’ என்றது தன்னைத்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பள்ளிக்கூட நாளிலேயே, அப்பா தொழில் என்ற இடத்தில் ‘மர வேலை’ என்று எழுதியவள். ஒரு தோழியைக்கூட வீட்டுக்கு அழைத்து வந்ததில்லை. அவளுக்காகவே அவர் பட்டறை வாசலில் இருந்த பலகையை மாற்றி, ‘மரச் சாமான்கள் செய்து தரப்படும்’ என்று எழுதினார். அன்றிலிருந்து முக்காலி கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே வாய் வலிக்கிறது. அவளோ பட்டறை மூலையில் பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்து, ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருப்பாள். ஏதாவது பேச்சுக் கொடுத்தால் ஒரே பதில்: “வேலையைப் பாருங்கப்பா.”

மறுநாள் அவள் நோட்டில் ஒரு பட்டியல் கிடைத்தது. ‘ஸ்ட்ரீமிங் கம்ப்யூட்டர்’ என்று மேலே எழுதி, கீழே வாயில் நுழையாத பாகங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. இது வீட்டில் இருந்தால் அவளும் வீட்டில் இருப்பாள் என்று முடிவு கட்டினார். தோய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

“கேமிங் மெஷின்தான் சார் இதுக்குச் சரி. கேம் ஆடுவாங்க, அதை அப்படியே லைவ்ல காட்டுவாங்க. ஆயிரக்கணக்குல உக்காந்து பாப்பாங்க” என்றாள் கடைக்காரப் பெண்.

“அடுத்தவங்க விளையாடறதையா? வேற வேலை வெட்டி இல்லையா?”

“அடுத்தவங்க எதைச் செஞ்சாலும் பாக்க ஆள் இருக்கு சார். கேபினட் எது வேணும்?”

“பெட்டியை மட்டும் நீ எனக்குச் சொல்லித் தராதம்மா. அது நான் பாத்துக்கறேன்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது வினை.

கார்டுக்காகப் பெட்டியை நீட்டினார். பெரிய கார்டுக்குப் பழைய பவர் சப்ளை பத்தாது என்றாள் கடைக்காரப் பெண். பெரியதை வாங்கினார்; அது அடியில் நுழையவில்லை. பெட்டியை உயர்த்தினார். மரத்துக்குள் சூடு வெளியே போகாது, தண்ணீர் ஓடும் கூலர் போடுங்கள் என்றாள். அதன் தலையில் மூன்று ஃபேன் அகலத்துக்கு ஒரு தகடு. மேல்பக்கத்தை விரித்தார். கனம் ஏறிவிட்டதே என்று இரண்டு பக்கமும் பித்தளைக் கைப்பிடி அடித்தார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் பாலிஷ் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

தோளில் அகலம், காலில் குறுகல், பக்கத்துக்கு இரண்டு கைப்பிடி.

“எத்தனை பேர் தூக்கணும்?” என்றாள் மனைவி.

“வாயைக் கழுவுடி! கை அது பாட்டுக்குப் பழகின வழியில போயிடுச்சு. நான் என்ன பண்ணுவேன்?”

அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. பெற்ற பெண்ணுக்கு ஆசையாக ஒன்று செய்ய உட்கார்ந்தால் அதுவும் சவப்பெட்டியாகத்தான் முடியுமா? வேறு செய்ய நேரமும் இல்லை. பொழுது விடிந்தால் சனிக்கிழமை.

சனிக்கிழமை காலையில் கடைக்காரப் பெண்ணிடம் ஃபோனில் கடைசிச் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார். மதர்போர்டில் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்திருந்தாள். பெட்டியில் வைத்துத் திருகுவது மட்டும்தான் பாக்கி.

“மதரை நிக்க வைக்கணுமா, படுக்க வைக்கணுமா?... நிக்கணுமா? சரி... மூச்சு முட்டாம இருக்க மூணு ஃபேன் போதுமா?... ஒரு பக்கம் கண்ணாடியா? உள்ள கலர் கலரா லைட் எரியறது தெரியணுமா? போட்டுடலாம்...”

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் ஒருவர் பேயறைந்ததுபோல் நின்றுகொண்டிருந்தார். கசங்கிய சட்டை, அழுது வீங்கிய கண்.

“ஐயா, நான் எங்க அப்பாவுக்காக வந்தேன்” என்றார் அவர். “அவருக்கு ஃபேன், லைட்டெல்லாம் வேண்டாங்க. சாதாரணமா இருந்தாப் போதும்.”

பெட்டிக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் ஆகிவிட்டது. “தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி, அது வேற பெட்டி. உங்களுது நாலு மணிக்குத் தயாரா இருக்கும்.”

கை கம்ப்யூட்டர் பெட்டியில், காது மகளின் அறையில். உள்ளே அலமாரி திறக்கிறாள், துணி எடுக்கிறாள், ஜிப் இழுக்கிறாள். இழைப்புளி போடுகிற மேசையில் இரண்டு பெட்டிக்கும் உரிய பலகைகள் ஒன்றாகக் கிடந்தன. ஒன்றை இழுத்து, வட்டம் போட்டு, ஃபேனுக்கு மூன்று ஓட்டை கச்சிதமாக வெட்டினார்.

“மெத்தை தச்சாச்சு. எதுல போடறது?” என்றாள் மனைவி.

“இதையெல்லாமா கேப்ப? அந்தப் பெட்டியிலதான்!” என்று திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டினார்.

வெட்டிய பலகையைக் கொண்டுபோய்ப் பொருத்தும்போதுதான் தெரிந்தது. அது கம்ப்யூட்டர் பெட்டியின் பலகை இல்லை; அந்தத் தம்பியின் அப்பாவுக்கு உரிய மூடி. நெஞ்சுக்கு நேரே மூன்று ஓட்டை.

பதறிப்போய்த் திரும்பினார். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் வெள்ளைப் பட்டு மெத்தை சுருக்கம் வைத்துத் தைக்கப்பட்டு, தலைமாட்டில் சின்னத் தலையணையும் வைத்து, அதன்மேல் மதர்போர்டு சாய்ந்து படுத்திருந்தது.

“அடிப்பாவி, என்னடி பண்ணி வச்சிருக்க?”

“நீங்கதானே கையைக் காட்டினீங்க! ஒசந்த சாமான், அதிராம இருக்கட்டும்னு நானும் நினைச்சுக்கிட்டேன்” என்றாள் அவள். “நல்லா இருக்கா, சூடு தட்டுதான்னு பாருங்க” என்று ஸ்விட்சையும் போட்டாள்.

மெத்தைக்குள் சிவப்பும் பச்சையும் மாறி மாறி எரிந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் மகள் தோளில் பையோடு வெளியே வந்தாள். வாசலில் அந்தத் தம்பியும் வந்து நின்றார். மணி நாலு.

மகள் பெட்டியைப் பார்த்தாள். தலையணையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

“உனக்குத்தாம்மா” என்றார் பெட்டிக்காரர். பித்தளைக் கைப்பிடியைத் துண்டால் ஒருமுறை துடைத்தார். “நீ கேம் ஆடுவியாம்ல...”

அவள் உதடு துடித்தது. வாயைப் பொத்திக்கொண்டு, பையை அங்கேயே போட்டுவிட்டு, உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார் அவர். மரச் சாமான் என்று பலகை எழுதி மறைத்தது எல்லாம் வீண். வெளியாள் முன்னாலேயே மகள் மானத்தை வாங்கியாகிவிட்டது. இனி அவளைப் பிடித்துவைக்க எந்த முகத்தோடு போய் நிற்பது? துக்கத்தை விழுங்கிக்கொண்டு வந்தவர் பக்கம் திரும்பினார். இவருக்காவது நியாயமாக நடந்துகொள்ள வேண்டும்.

“தம்பி, என்னை மன்னிக்கணும். மூடியைப் பாழ் பண்ணிட்டேன். மெத்தையும் இல்ல. இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். உங்களுக்கு அவசரம்னா தெருக்கோடியில வேற கடை இருக்கு. போனீங்கன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

வந்தவர் மூன்று ஓட்டைகளையும் தடவிப் பார்த்தார். பிறகு பலகை அடுக்கையும், மூலையையும், கடைசியாகப் பெட்டிக்காரரின் கைகளையும் பார்த்தார்.

“விசாரிச்சு விசாரிச்சு இடத்தைக் கண்டுபிடிச்சு நாலு மணி நேரம் பஸ்ல வந்தேன், வழியில பத்துக் கடையைத் தாண்டித்தாங்க வந்தேன்” என்றார். “ஆறு மாசமா ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே எங்க அப்பா தினமும் லைவ்ல பாத்தது நீங்க பெட்டி செய்யறதைத்தான், எடுக்கற பொண்ணு முகத்தைக் காட்டாது, பேரைச் சொல்லாது, மேல ‘எங்க அப்பா’ன்னு மட்டும்தான் எழுதியிருக்கும்.”